சுண்டைக்காய் கால் பணம், ஸ்கோப் முக்கால் பணம்?

டெக்சஸில் குடியேறி, கிரீன் கார்டு வந்த கையோடு ஒரு .22 ரைஃபிள் வாங்கிவிட்டு, அடுத்த வாரமே "அண்ணே, இதுக்கு எந்த ஸ்கோப் போடலாம்?" என்று கேட்கும் (ஸ்கோப் என்றால் துப்பாக்கியின் மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) தம்பிகள் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது எனக்கு வாய்த்துவிடுகிறார்கள். ரைஃபிள் பெரும்பாலும் ரூகர் 10/22. முந்நூறு டாலர் சொச்சம். அவர்கள் கண் வைத்திருக்கும் ஸ்கோப் எழுநூறு டாலர். கேட்டால், "ரைஃபிளுக்குக் கொடுத்த காசை ஸ்கோப்புக்கும் கொடுக்கணும், முடிஞ்சா அதுக்கு மேலயும் கொடுக்கணும்னு கடையில சொன்னாங்க" என்பார்கள்.

மான் வேட்டை ரைஃபிளுக்கு அது ஓரளவு சரியான பேச்சுதான். உதை பலமாக இருக்கும், தூரம் அதிகம், ஒரே ஒரு குண்டுதான் கணக்கு. .22 ரிம்ஃபயரின் கதை வேறு. இங்கே ஸ்கோப்பின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. அவற்றை நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. எச்1பி, எஃப்1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் என்பது மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் நண்பன் சொன்னான் என்று அதில் இறங்காதீர்கள், வக்கீலிடம் கேளுங்கள். கிரீன் கார்டுக்காரர்களும் குடியுரிமை பெற்றவர்களும் மேலே படிக்கலாம்.

முதலில் ஸ்கோப் அல்ல, தோட்டா

.22 லாங் ரைஃபிள் 1887இல் வந்த தோட்டா. பற்றவைக்கும் மருந்து அதன் அடிவிளிம்புக்குள் இருக்கும். ஊசி விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். ரிம்ஃபயர் என்ற பெயர் அதனால்தான். பற்றவைக்கும் மருந்து அடியின் நடுவில் இருக்கும் சென்டர்ஃபயர் தோட்டாவைப் போல இதை வீட்டில் மறுபடி நிரப்பிச் சுட முடியாது. தொழிற்சாலை எதைக் கொடுக்கிறதோ அதுதான். நம் கையில் இருப்பது எந்தப் பெட்டியை எடுப்பது என்ற ஒரு முடிவு மட்டும்.

அந்த முடிவின் கனம் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரே பெட்டியில் இருந்து எடுத்த இரண்டு தோட்டாக்களில் ஒன்று நொடிக்கு 1,070 அடி வேகத்திலும் மற்றது 1,040 அடியிலும் போனால், 100 யார்டில் அவை ஏறக்குறைய ஒரு இன்ச் மேலும் கீழுமாக விழும். மலிவான மொத்தப் பெட்டிகளில் வேகம் அதைவிடவும் அதிகமாக ஆடும். இதை எந்தக் கண்ணாடியாலும் திருத்த முடியாது. ஆயிரம் டாலர் ஸ்கோப்பில் அந்த ஒரு இன்ச் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

எனவே செய்ய வேண்டியது இது. சிசிஐ ஸ்டாண்டர்டு வெலாசிட்டி, ஃபெடரல் மொத்தப் பெட்டி, அகீலா, எஸ்கே, ஈலி என்று நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். முன்னால் ஒரு மணல் மூட்டை, பின்கட்டைக்குக் கீழே ஒரு சின்ன மூட்டை. தூரம் 50 யார்டு. ஒவ்வொரு வகையிலும் ஒரே புள்ளியைக் குறிபார்த்து ஐந்து ஐந்தாக, ஐந்து குரூப் (ஓட்டைக் கூட்டம்) சுடுங்கள். தூரமான இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அட்டையின் ஓரத்திலேயே தோட்டாவின் பெயரையும் அளவையும் தேதியையும் எழுதிவிடுங்கள். ஒரே ஒரு நல்ல குரூப்பை செல்ஃபோனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவது கணக்கில் சேராது. ஐந்தின் சராசரிதான் உங்கள் ரைஃபிள்.

ஸ்கோப் இல்லாமல் எப்படி இதைச் செய்வது என்று கேட்பீர்கள். ரேஞ்சில் யாரிடமாவது ஒரு மாதம் கடன் வாங்குங்கள். துப்பாக்கிக்காரர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஸ்கோப் ஒன்றாவது கட்டாயம் இருக்கும்.

என் 10/22 மொத்தப் பெட்டித் தோட்டாவில் இரண்டு இன்ச்சைவிடக் கொஞ்சம் பெரிய குரூப் போட்டது. அதே நாள், அதே மூட்டை, சிசிஐ ஸ்டாண்டர்டில் ஒன்றேகால் இன்ச். தோட்டா ஒன்றுக்கு இரண்டு மூன்று சென்ட் கூடுதல் செலவில் குரூப் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. இப்படி ஒரு லாபத்தைக் கொடுத்த ஸ்கோப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. ஸ்டாண்டர்டு வகை ஒலியின் வேகத்துக்குக் கீழேயே கிளம்புவதும் இதற்கு ஒரு காரணம். ஹைவெலாசிட்டி வகை ஒலியைத் தாண்டிக் கிளம்பி, வழியில் மீண்டும் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்தத் தடுமாற்றம் தூரத்தில் தெரியும்.

அப்புறம், ட்ரிகர். 10/22இன் தொழிற்சாலை ட்ரிகரை இழுப்பது துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பது மாதிரி. ஐந்து ஆறு பவுண்டு இழுவை கொண்ட ட்ரிகர், ஐந்து பவுண்டு எடையுள்ள ரைஃபிளை அசைக்காமல் விடாது. ரூகரே விற்கும் பிஎக்ஸ் ட்ரிகர் இரண்டேமுக்கால் பவுண்டு. இரண்டு பின்னைத் தட்டி எடுத்து மாட்டிவிடலாம். விலை நூறு டாலருக்கு அக்கம்பக்கம். 700 டாலர் பட்ஜெட் வைத்திருக்கும் தம்பிகளிடம் நான் முதலில் பிடுங்கிக்கொள்ளும் நூறு டாலர் இதுதான்.

இடமாறு தோற்றப் பிழை: இங்கேதான் பணம் வீணாகிறது

பள்ளி இயற்பியல் ஆய்வகம் நினைவிருக்கிறதா? மேஜையில் இரண்டு குண்டூசி நட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டி, "இடமாறு தோற்றப் பிழை இல்லாமல்" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினோமே, அதுவேதான். ஸ்கோப் ஆட்கள் அதை பேரலாக்ஸ் என்பார்கள்.

ஸ்கோப்பின் குறுக்குக் கோடு ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் டார்கெட்டின் மேல் சரியாகப் படிந்து நிற்கும். மற்ற தூரங்களில் கண் கொஞ்சம் விலகினாலும் கோடு டார்கெட்டின் மேல் நகரும். ரைஃபிள் அசையவே இல்லை, ஆனால் நீங்கள் குறிபார்க்கும் இடம் மாறிவிட்டது. சாதாரண சென்டர்ஃபயர் ஸ்கோப்பில் அந்தத் தூரத்தைத் தொழிற்சாலையிலேயே 100 அல்லது 150 யார்டில் வைத்துவிடுகிறார்கள். ரிம்ஃபயருக்கென்று செய்த ஸ்கோப்பில் 50 அல்லது 60 யார்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்கண்ணாடி 40 மி.மீ., பேரலாக்ஸ் 100 யார்டில் வைத்தது. டார்கெட் 50 யார்டில். கண் பார்வை வட்டத்தின் விளிம்புவரை விலகினால், குறி 10 மி.மீ. வரை நகரலாம். டார்கெட்டை 25 யார்டுக்குக் கொண்டுவந்தால் 15 மி.மீ. சூத்திரம் எளிது: முன்கண்ணாடியில் பாதியை எடுத்து, டார்கெட் தூரத்துக்கும் பேரலாக்ஸ் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, பேரலாக்ஸ் தூரத்தால் வகுக்க வேண்டும். இது படுமோசமான நிலைமைக் கணக்கு; கண் நடுவில் இருந்தால் பிழையே இல்லை. ஆனால் புதியவரின் கண் நடுவில் இருப்பதில்லை. ஒன்றேகால் இன்ச், அதாவது 32 மி.மீ. குரூப் போடும் ரைஃபிளில் 10 மி.மீ. என்பது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

ஆக, 700 டாலர் கொடுத்து வாங்கிய அருமையான மான் வேட்டை ஸ்கோப், 25 யார்டில் காகிதம் சுடும்போது 150 டாலர் ரிம்ஃபயர் ஸ்கோப்பிடம் தோற்கும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2 வரிசையில் 2-7x32 ரிம்ஃபயர் என்று ஒன்று இருக்கிறது (2 முதல் 7 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 32 மி.மீ.). லியூபோல்டு விஎக்ஸ்-ஃப்ரீடம் வரிசையிலும் ரிம்ஃபயர் வகை தனியாக உண்டு. பெட்டியின் மேல் "ரிம்ஃபயர்" என்ற அந்தச் சொல்லைத்தான் தேட வேண்டும்.

இல்லையென்றால் பேரலாக்ஸைத் திருகி மாற்றக்கூடிய ஸ்கோப்பாகப் பாருங்கள். முன்கண்ணாடியில் திருகும் வகை உண்டு, இடப்பக்கக் குமிழில் திருகும் வகையும் உண்டு. எது ஆனாலும், மிகக் குறைந்த தூரம் எவ்வளவு என்று படியுங்கள். விலை உயர்ந்த சில ஸ்கோப்புகளிலேயே அது 50 யார்டில்தான் தொடங்கும். அத்லான் ஆர்கோஸ் பிடிஆர் போன்ற நடுத்தர விலை ஸ்கோப்பில் 10 யார்டில் தொடங்கும். .22க்கு அந்த 10தான் முக்கியம்.

கடையிலேயே சோதிக்க முடியாது, ரேஞ்சில் சோதியுங்கள். தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, ரைஃபிளை மூட்டைகளில் அசையாமல் வைத்து, கையை எடுத்துவிட்டு, கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்துங்கள். கோடு கறுப்பு வட்டத்தின் மேல் நீந்தினால் பேரலாக்ஸ் சரியில்லை. ஆணி அடித்த மாதிரி நின்றால் நல்லது. இதற்கு அரை நிமிஷம் போதும், ஆனால் நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் ஒருமுறை கூடச் செய்திருக்க மாட்டார்கள்.

எத்தனை எக்ஸ் (மடங்கு உருப்பெருக்கம்) வேண்டும்?

"24 எக்ஸ் இருந்தா இன்னும் நல்லாத் தெரியும்ல?" தெரியும். உங்கள் நாடித் துடிப்பும் சேர்ந்து தெரியும். முன்கண்ணாடியை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மி.மீ. ஸ்கோப்பை 4 எக்ஸில் வைத்தால் 10 மி.மீ.; கண்ணை எங்கே வைத்தாலும் படம் கிடைக்கும். 50 மி.மீ. ஸ்கோப்பை 24 எக்ஸில் வைத்தால் 2 மி.மீ.; தலையை நூல் பிடித்த மாதிரி வைக்க வேண்டும், வெளிச்சமும் மங்கும். அதோடு அந்த 24 எக்ஸ் ஸ்கோப் இரண்டு பவுண்டுக்குப் பக்கம் வரும். ஐந்து பவுண்டு ரைஃபிளின் தலையில் ஏற்றினால் காவடி எடுத்த மாதிரி ஆடும். முன்கண்ணாடி பெரிதானால் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கும் உயரமாக வேண்டும். கன்னம் பின்கட்டையை விட்டு எழும்பிவிடும். மறுபடி பேரலாக்ஸ் வந்து நிற்கும்.

25 முதல் 50 யார்டில் தகர டப்பாவும் காகிதமும் சுட 2-7 தாராளம். ஆப்பிள்சீட் என்ற ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறவர்கள் 25 மீட்டரில் நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் நேரத்துக்குள் சுட வேண்டும். அங்கே உருப்பெருக்கம் குறைவாக இருப்பதே வசதி. விடியற்காலையில் மரத்தடியில் உட்கார்ந்து அணில் வேட்டையாடுகிறவர்களுக்கு மட்டும் கண்ணாடியின் தரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கச் சொல்வேன். அந்த அரைகுறை வெளிச்சத்தில் நல்ல கண்ணாடிக்கும் மட்டமான கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம் அணிலுக்கும் கிளைக்கும் உள்ள வித்தியாசம்.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ரைஃபிளிலேயே இருக்கும் இரும்புக் குறி மங்கலாகத் தெரிகிறது என்று நான் ஒரு வருஷம் என் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்கோப்பின் பின்கண்ணாடியைத் திருகிக் குறுக்குக் கோட்டை உங்கள் கண்ணுக்குத் தெளிவாக்கிக்கொள்ளலாம். நூறு டாலர் ஸ்கோப்பிலும் அந்த வசதி உண்டு. வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி, ஓரிரு நொடி பார்த்து, கண்ணை எடுத்து, மறுபடி பார்த்துத் திருக வேண்டும். தொடர்ந்து முறைத்துக்கொண்டிருந்தால் கண் தானாகச் சமாளித்து ஏமாற்றிவிடும்.

விலை உயர்ந்த ஸ்கோப் எப்போது சரி?

.22இல் உதை என்று ஒன்று கிடையாது. எனவே "மலிவான ஸ்கோப் உதையில் உடைந்துவிடும்" என்ற பயம் இங்கே பெரிதாகப் பொருந்தாது. ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள் முன்னும் பின்னும் உலுக்கி ஸ்கோப்பைக் கெடுக்கும்; .22 அதைவிடச் சாது.

விலை கூடக்கூட உண்மையில் கிடைப்பது, குறியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தும் குமிழின் நாணயம். பத்து கிளிக் (குமிழின் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) மேலே திருப்பினால் பத்து கிளிக் அளவு நகர்ந்து, திரும்பக் கொண்டுவந்தால் பழைய இடத்தில் நிற்க வேண்டும். 50 யார்டில் ஸீரோ வைத்த, அதாவது அந்தத் தூரத்தில் குறிபார்த்த இடத்திலேயே விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த, ஸ்டாண்டர்டு தோட்டா 100 யார்டில் ஆறு ஏழு இன்ச் கீழே விழும். 200 யார்டில் நாலடிக்குப் பக்கம் விழும். ஒவ்வொரு தூரத்துக்கும் குமிழைத் திருப்பிச் சுடுகிற ஆட்டத்துக்கு இறங்கினால், முந்நூறு டாலர் ரைஃபிளின் மேல் நல்ல ஸ்கோப் இருப்பது வீண் அல்ல. 50 யார்டில் ஸீரோ வைத்துவிட்டுக் குமிழை வாழ்நாளில் தொடாதவருக்கு அது அலங்காரம்.

.22 ரைஃபிளுக்கான என்ஆர்எல்22 போட்டியில் டார்கெட் எல்லாம் 100 யார்டுக்குள்தான். அதன் 'பேஸ்' என்ற பிரிவில் ரைஃபிளும் ஸ்கோப்பும் சேர்ந்து இவ்வளவு விலைக்குள் இருக்க வேண்டும் என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். சேருவதற்கு முன் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸ்கோப்பை வாங்கிவிட்டுப் பிரிவை இழந்தவர்கள் உண்டு.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. ரைஃபிள் மாறும், ஸ்கோப் மாறாது. இன்றைக்கு 10/22, இரண்டு வருஷம் கழித்து சிஇஸட் 457 அல்லது டிக்கா டி1எக்ஸ் வாங்கப்போவது உறுதி என்றால், அதற்கான ஸ்கோப்பை இப்போதே வாங்கி இதில் பழகலாம். பெரிய சென்டர்ஃபயர் ரைஃபிளில் இருக்கும் அதே குறுக்குக் கோட்டை .22இலும் வைத்துப் பழகுகிறவர்களும் உண்டு. தோட்டாச் செலவு பத்தில் ஒன்றாகிவிடுகிறது. வோர்டெக்ஸ் போன்றவர்கள் ஸ்கோப் கை மாறினாலும் வாழ்நாள் உத்தரவாதம் தருகிறார்கள், அதனால் பழையதாக விற்றாலும் மோசமில்லை. ஆனால் "வாங்கலாம்னு இருக்கேன்" என்பவருக்கு இந்த நியாயம் செல்லாது. நானும் நாலு வருஷமாக ஒரு டிக்கா வாங்கலாம் என்றுதான் இருக்கிறேன்.

மாட்டுவது

என் சொந்த அவமானம் இங்கேதான். அறுநூறு டாலர் ஸ்கோப் ஒன்றை வாங்கி, கடையிலேயே மாட்டித் தரச்சொல்லி, ஆசையாக ரேஞ்சுக்குப் போனேன். குண்டுகள் இரண்டு கூட்டமாக விழுந்தன, நடுவில் ஒன்றரை இன்ச் இடைவெளி. தோட்டாவை மாற்றினேன், மூச்சை மாற்றினேன். ஸ்கோப்தான் கெட்டது என்று திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். ஸ்கோப்பைக் கழற்றும்போது பார்த்தால், ரிங்குக்கு அடியில் உள்ள பேஸின் முன் ஸ்குரூ விரல் நகத்துக்கே சுழன்றது. இருபது டாலர்கூட ஆகாத துண்டு இரும்பு, அறுநூறு டாலரைச் சாய்த்துவிட்டது.

ஆகவே நீங்களே மாட்டுங்கள். ரைஃபிள் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். 10/22இன் மேல்பாகம் அலுமினியம். பேஸை ஸ்குரூ போட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஓட்டையில் உள்ள எண்ணெயைத் துடைத்து, ஸ்குரூ தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக்கர் ஒரே ஒரு சொட்டு. முறுக்கிக்கொண்டே போகாதீர்கள், அலுமினிய மரை வழன்றுவிடும். வேறு பல .22களில் மேலே 3/8 இன்ச் பள்ளம் வெட்டியிருக்கும். அதற்கான ரிங் வேறு, பிக்காட்டினி என்ற அகலமான தண்டவாளத்துக்குச் செய்த ரிங் அதில் உட்காராது. ஸ்கோப்பின் குழாய் ஒரு இன்ச்சா 30 மி.மீ.யா என்று பார்த்து ரிங் வாங்குங்கள்.

ரிங்கின் மேல்மூடியைத் தளர்வாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றுங்கள். கன்னம் இயல்பாக உட்கார்ந்ததும் கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் தெரிகிற வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பெரிய உருப்பெருக்கத்தில் வைத்து இதைச் செய்ய வேண்டும். பிறகு கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஸ்குரூக்களை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக 15 முதல் 18 இன்ச்-பவுண்டு வரை முறுக்குங்கள். அதற்கென்று, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் (torque) ஸ்குரூடிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். கை உத்தேசம் சாம்பாருக்கு உப்புப் போடத்தான் சரி.

ஸீரோ

25 யார்டில் தொடங்குங்கள், அப்புறம் 50. மூன்று குண்டு சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைப் பாருங்கள். கால் எம்.ஓ.ஏ. (100 யார்டில் சுமார் ஒரு இன்ச் வரும் கோண அளவு) கிளிக் என்றால், 100 யார்டில் ஒரு கிளிக் கால் இன்ச். 50இல் அதில் பாதி. 25இல் அதிலும் பாதி. 50 யார்டில் ஒரு இன்ச் நகர்த்த எட்டு கிளிக். இதைத் தலைகீழாகப் போட்டு இரண்டு கிளிக்கோடு நிறுத்திவிட்டு "ஸ்கோப் வேலை செய்யல" என்று ஃபோன் செய்யாதீர்கள்.

ஸீரோ ஆனதும் குமிழைச் சோதியுங்கள். முதலில் மூன்று குண்டு, பிறகு 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது. ஒவ்வொரு மூலையிலும் மூன்று குண்டு. எப்போதும் அதே புள்ளியைத்தான் குறிபார்க்க வேண்டும். காகிதத்தில் ஒரு சதுரம் வரும். கடைசி மூன்று குண்டு முதல் மூன்றின் மேல் போய் விழுந்தால், நீங்கள் கொடுத்தது நூறு டாலரானாலும் அது நல்ல ஸ்கோப். விழவில்லை என்றால், உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பி அனுப்புங்கள். முதலில் பேஸ் ஸ்குரூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு.

கடைசியாக, ஊருக்குப் போகும்போது பழைய ஸ்கோப்பை மச்சானுக்கென்று பெட்டியில் வைத்துவிடாதீர்கள். ரைஃபிள் ஸ்கோப் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருகிற பொருள். துணிக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு போய் விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல முடியாது. இங்கேயே விற்று, அந்தக் காசுக்கு 'செங்கல்' என்று இங்கே சொல்லும் ஒரு பெரிய பெட்டி தோட்டா வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்நூறு தோட்டா வரும்.